ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கும் இணைச்சீர்க்காரிக்கு

தளி ரோடு,
உடுமலைப்பேட்டை.
ஐப்பசி கடைசி வாரம்

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தம்பி மிதுன் மூவரும் சௌக்கியம். அங்கே அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசலாமே, இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுகிறாய், அதைக் கேட்டு உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அவளும் அழுகிறாள், நான் சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. அதனால்தான் எழுதி மிதுனிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புவான். கடைசி வரை படி, நடுவில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே.

முதலில் மாப்பிள்ளை விஷயம். நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், சித்தப்பா மகள் கனிஷ்காவிடம் சொல்லியிருக்கிறாய், அவள் வயிற்றில் எது தங்கும், எங்களிடம் சொல்லிவிட்டாள். அவர் மேல் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. விமானக் கம்பெனிக்காரன் நீ டிக்கெட் போட்டிருந்த விமானத்தைக் குளிர்காலத்துக்கு நிறுத்திவிட்டோம், வேறு நாளில் மாற்றித் தருகிறோம், சம்மதமா என்று கேட்டபோது நீ ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாய். அவர் மிதுனின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் முகூர்த்தம் என்று போட்டிருக்கிறது. விடியும்போது கோயமுத்தூரில் இறங்கினால் பல்லடம் வழியாக ஒரே ஓட்டமாக மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சரி கொடுத்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர் இருக்கிறது, அதற்குக் கல்யாணப் பையனின் கூடப்பிறந்தவள் கூறைச் சேலையின் ஒரு முனையைப் பிடித்து நிற்க வேண்டும் என்று நாகர்கோவில்காரருக்கு எப்படித் தெரியும். உங்கள் கல்யாணத்தில் அவர் தங்கைக்கு அப்படி ஒரு சடங்கே இல்லையே. பத்திரிகையில் அதை நானும் அச்சடிக்கவில்லை, நம் ஜனத்துக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன், பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பவர்களில் வெளியூர்க்காரரும் உண்டு என்று தோன்றவில்லை. நீ கோபப்படுவதாக இருந்தால் பாதியை இந்தப் பக்கம் அனுப்பு. அவருக்கு இன்றைக்கே ஒரு காப்பி போட்டுக் கொடு.

நீ சொன்ன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கோயமுத்தூர் போய் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற அப்துல் கையூமைப் பார்த்தேன். ஒருநாள் இரண்டுநாள் முந்தி வருகிற மாதிரி ஏதாவது ஒரு வழி பார்க்கச் சொன்னேன். அவரும் கம்ப்யூட்டரில் எந்தெந்த ஊர் வழியாகவோ சுற்றிச் சுற்றித் தேடினார். ஒரு வழியில் இடம் இல்லை, ஒரு வழியில் கைக்குழந்தையோடு ஒரு பகலும் ஒரு இரவும் நாற்காலியில் கிடக்க வேண்டும், இன்னொன்றில் விமானம் மாறுகிற ஊரில் விசா கேட்பார்களாம். ஏனுங்க இப்படித் திடீர்னு நிறுத்தறாங்க என்று கேட்டேன். “திடீர்னு இல்லீங்கண்ணா, வருசா வருசம் அக்டோபர் முடிஞ்சா அட்டவணை மாறுமுங்க. அந்தக் குளிர்ல அந்தப் பக்கம் போறவங்க கம்மி, பிளேன வெயில் ஊருக்குத் திருப்பி உட்டுருவாங்க. மிச்சம் இருக்கறதுல எல்லாரும் ஏறோணும், ஒண்ணு தப்புனா அடுத்தது ரெண்டு நாள் கழிச்சுத்தானுங்க” என்றார். தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவர் போன வருஷம் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வழியில் மாட்டிக்கொண்டு, மூட்டு வலியோடு பாஷை தெரியாத ஊரில் தவித்துப்போனாராம், அதையும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் அடுத்த மண்டலம் காய்ந்து கிடக்கும், நம் முறை வரும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும், அதுபோலத்தான் இதுவும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தண்ணீர் விடுகிற தேதியைப் பேப்பரில் போட்டுவிடுவான், நாமும் அதைப் பார்த்து விதைப்போம். கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஜோசியரிடம் போனேன், மண்டபத்துக்காரரிடம் போனேன், சமையல்காரருக்குத் தோதுப்படுமா என்று கேட்டேன். விமானத்துக்கும் ஒரு பருவம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கனடா போன புதிதில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என்னங்க தூரம், ஏறினா மறுநாள் வந்தர்றா, மெட்ராஸ்ல இருக்கறவங்க வர்றதும் அதே நேரந்தான் என்று. கம்பெனிக்காரன் ஒரு விமானத்தை நிறுத்திவிட்டதும்தான் நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று எனக்கு உறைக்கிறது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது கண்ணு. பல்லடத்தில் ஏறின ஒருவர் ஏனுங்க உடம்பு சரியில்லையா என்று கேட்டார், வெயில் என்று சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி உனக்குப் பதில் கனிஷ்காவைச் சீருக்கு நிற்க வைத்துவிடலாம் என்று அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். அவளும் தங்கைதான், சாஸ்திரத்துக்குக் குறை இல்லை. அம்மா எழுந்து போய்க் கறிவேப்பிலை உருவ ஆரம்பித்துவிட்டாள், தேவைக்கு மேல் ஒரு கூடை உருவினாள். மிதுன்தான் சொன்னான், “அக்கா வந்து நிக்கட்டுமுங்கப்பா. சேலையோட அந்த முனைய அக்கா புடிக்கறதப் பாத்துட்டுத்தான் நான் இந்த முனையப் புடிப்பேன்” என்று. அவன் சின்னதிலிருந்தே அதிகம் பேசாதவன் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் என்ன பேச.

சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் அரங்கசாமியிடம் போனேன், சனிக்கிழமை சீரை ஞாயிறு காலைக்குத் தள்ளலாமா என்று கேட்க. முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் வெற்றிலையை மென்றுகொண்டே, “ஆளு இல்லாத நேரத்த வெச்சுட்டு என்னங்க பண்றது, பொறந்தவ வந்து எறங்கட்டும், செஞ்சுபோடலாம்” என்றார். ஆனால் ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் நீ வந்ததும் வராததுமாக ஓட வேண்டும், விமானம் கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. முகூர்த்தத்தையும் தள்ள வேண்டும். ஜோசியர் அதே நாளில் பத்தரைக்கு மேல் ஒரு நேரம் இருக்கிறது என்றார். அது பெண் வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய காரியம். அச்சடித்த பத்திரிகை பாதி ஊருக்குப் போய்விட்ட பிறகு நேரத்தை மாற்றுங்கள் என்று சம்பந்தி வீட்டில் போய் நிற்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். நான் யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழகாதவன்.

இருந்தாலும் கொடுமுடிக்குப் போனேன். சம்பந்தி முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் பங்காளி ஒருவர், “ஊருக்கெல்லாம் என்னனுங்க சொல்றது, பிளேன் வரலைன்னா” என்று சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது, எழுந்துவிடலாம் என்றே இருந்தேன். அப்போது வரப்போகும் மருமகள் காப்பியோடு வந்தவள் டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்று, “நங்கையா, உங்க மக, கைல புடிச்ச கூறச் சேலையத்தானுங்க மாமா நான் கட்டோணும். வேற யாரு புடிச்சாலும் அது வேற சேலைங்க” என்றாள். பெரியவர்கள் பேசும் இடத்தில் அந்தப் பெண் பேசினது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சம்பந்தி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரிங்க, பத்தரைக்கே வெச்சுக்கலாம் என்றார். திரும்பும்போது எனக்கும் கண் கலங்கியது, உன்னிடம் மறைப்பதற்கு என்ன. இப்போது நானும் அம்மாவும் பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். கொள்ளட்டும்.

அதையும் மீறி விமானம் பிந்திவிட்டால் முகூர்த்தத்தை விட முடியாது, கனிஷ்கா நிற்பாள், அவளிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்காக வழியெல்லாம் அழுதுகொண்டு வராதே, பாப்பா மிரண்டு போவாள்.

இன்னொன்று எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எனக்கோ அம்மாவுக்கோ ஒன்று ஆகிவிட்டால் அது விமான அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வராது. அன்றைக்கு நீ எந்த ஊர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாயோ. உனக்காக வைத்திருக்க வேண்டாம், ஆக வேண்டியதைப் பார் என்று மிதுனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முகம் பார்க்க முடியவில்லையே என்று நீ ஆயுசுக்கும் குமையக் கூடாது, இது அப்பா கேட்டுக்கொள்வது. அதில் உன்னை வரவழைக்க என்னால் ஆகாது அம்மணி. இதில் ஆகும். காத்திருக்க முடிகிற ஒரே காரியத்துக்குக்கூட உனக்காகக் காத்திருக்காவிட்டால் நான் உன்னைப் பெற்று என்ன பிரயோஜனம். அதனால்தான் கொடுமுடிக்குப் போனேன். அம்மாவுக்கு இந்தப் பத்தி தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நூறு வயது நிறைவாக இருக்கக் கொடுமுடி மகுடேஸ்வரர் துணை இருப்பார். மறக்காமல் ரவிக்கை அளவு அனுப்பு. இணைச்சீர்க்காரிக்கு எடுத்த சேலையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள், இன்றைக்குக் காலையில்தான் வெளியே எடுத்தாள், டெய்லர் நாளைக்கு வருகிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி