அண்ணன் பிடித்த கயிறு

அண்ணே,

பேத்தி நீச்சல் பழகிவிட்டு வந்து என் பக்கத்தில் மத்தியானத் தூக்கம் போடுகிறாள். தலைமுடியில் நீச்சல் குளத்து மருந்து வாசம். உப்பு வாசத்தோடு வளர்ந்த என் மூக்குக்கு இது இன்னும் பழகவில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தவள் என்று தெருவெல்லாம் நானே சொல்லித் திரிகிறேன். நாளைக்குத் திருநெல்வேலியில் அடுத்த போட்டி. ஆனால் பிள்ளை வாயைத் திறந்து வைத்து மூச்சு விடுகிறாள். தடுமன். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற சாரிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். அதிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போனபோது அவருடைய கயிறு உன் கையில்தான். அவர் ஆழத்துக்கு இழுக்கிற கல்லோடு கடலுக்குள் இறங்குவார், நீ வள்ளத்தில் நின்று இழுத்து ஏற்றுவாய். முத்துக்குளித்த காலத்திலிருந்தே பெண்சாதியின் அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தால் கை தளராதாம். நீ கயிற்றோடு விட்டாயா? அவருடைய சோறு, தூக்கம் எல்லாவற்றையும் உன் பொறுப்பாக்கிக்கொண்டாய். சீசன் தொடங்கினால் கள் கிடையாது. கருக்கலில் எழுப்பி ஈர மணலில் ஓட விடுவாய். போகும்முன் ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி மட்டும். சோறு கரைக்கு வந்த பிறகுதான். மாதா கோயிலில் நீண்ட செபம் நடக்கும்போது அவர் கண்ணை மூடி மூச்சை அடக்கிப் பழகுவார். பக்கத்து வீட்டு அக்கா, "ஒன் மாப்பிளைக்கு எம்புட்டு பக்தி ஏளா!" என்பாள். நீ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விடுவாய்.

அந்த வருஷம் சீசன் முடியப் போகிற நேரம். அவர் வாயால் மூச்சு விடுவதை விடியும்போது கேட்டேன். "தடுமனா?" என்றதற்கு, "தூசிதான் ஏளா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூக்கடைத்தவன் ஆழத்துக்குப் போனால் காது கிழியும், தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. தலையை அள்ளிக்கூட முடியாமல் கடற்கரைக்கு ஓடி வந்து உன்னிடம் சொன்னேன்.

"ஏளா, இங்கன வந்து மானத்த வாங்குதியா?" என்று சீறினார்.

நீ கயிற்றைக் கீழே வைத்தாய். "மாப்ள, மூக்கப் பொத்திக்கிட்டு ஊதும்."

ஊதினார். "ரெண்டு காதும் திறந்துட்டு மச்சான். கல்ல எடும்."

"கண்ணுல தண்ணி வருதே?"

"காலங்காத்தால ஒம்ம தங்கச்சி மூஞ்சியப் பாத்தா வராதா?"

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாய். மச்சான் கைவிட்டவனுக்கு வேறு எவன் கயிறு பிடிப்பான்? வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போனது. தடுமன் விடுகிறவரைக்கும் அவர் நம் இருவரோடும் பேசவில்லை. ஆனால் கருக்கலில் நீ கதவைத் தட்டினால், முறைத்துக்கொண்டே ஓட வந்தார்.

மறுபடி அவர் கடலில் இறங்கிய அன்று நான் கரையிலேயே நின்றேன். வள்ளம் திரும்பியது. சங்குப் பையோடு குதித்து இறங்கி, அத்தனை நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ இறங்கவில்லை. விரலை விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாய். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த தடம்.

"இம்புட்டு இறுக்கியா பிடிக்கணும் அண்ணே?"

"பயமா இருந்துச்சு ஏளா. தெனமும் அப்படித்தான் இருக்கு. ஒன்கிட்ட எப்படிச் சொல்ல?"

உனக்குப் பயமே கிடையாது என்று அதுவரை நம்பியிருந்தேன். அவரை நீ ஓடவிட்டதும் பட்டினி போட்டதும் அந்தப் பயத்தினால்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

அவரைக் கடல் கொண்டுபோகவில்லை. கிழவராகிக் கட்டிலில்தான் கண்ணை மூடினார். நீயும் போய்விட்டாய். உன் பயம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இதோ, பேத்தி புரண்டு படுக்கிறாள். எழுந்ததும் அவள் முன்னாலேயே சாருக்குப் போன் போட்டுச் சொல்லப் போகிறேன். என்னோடு பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும் அண்ணே. கோபித்துக்கொள்ளவும் மூச்சு வேண்டுமே.