மூங்கிலாற்று இடுக்கை மூடப்போகிறார்கள்

பல்லடம்,
8-6-2025

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், தறியும் நிற்காமல் ஓடுகிறது. மெல்போர்னில் இப்போது குளிர் என்றாய், நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன் கண்ணு.

உன் தம்பி இளங்குமரனை வெள்ளம் கொண்டுபோன மூங்கிலாற்று மலை இடுக்கை, வனத்துறை சரணாலயமாக்கப் போகிறதாம், அதற்குப் பிறகு வெளியாட்கள் உள்ளே போக முடியாது. உடல்கூடக் கிடைக்காத அவனுக்கு கடைசியாக நின்ற அந்தப் பாறைதானே சமாதி, ஆடிதோறும் அங்கேதானே பூ வைக்கிறோம், அதுவும் போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சரணாலயம் வேண்டாம் என்று சொல்லத்தான் உடுமலையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரிசார்ட் கட்ட நிலம் வாங்கியிருக்கும் ஒருவர் எங்களிடம் வந்து, "சரணாலயம் வராட்டி பாறை வரைக்கும் படி கட்டித் தர்றனுங்க, பையன் பேர்ல ஒரு கல்லும் நட்டுத் தர்றனுங்க" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் மைக்கை வாங்கப் போவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "படி கட்டுனா இன்னும் பசங்க எறங்குவாங்க சாமி, படியில்லாதப்பவே எம் பையன் போயிட்டான், மூடிப்போடுங்க" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைக் என்னிடம் வந்தபோது, அவ சொன்னதுதானுங்க என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், இனிமேல் அவனை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். அதற்கு அம்மா, "கீழ பாலத்துக்குப் போலாமுங்க, அவன் இருக்கற தண்ணி அங்க வந்துதானுங்க போகோணும்" என்றாள். சாயங்காலம் அவன் வேலைக்குப் போய்வந்த பனியன் கம்பெனி வேன் சத்தம் கேட்டால் இன்னும் அவன் வருகிற நினைப்பில் கதவைத் திறக்கிறாள்.

மூடுவதற்குள் உன்னையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்தப் பாறைக்குப் போய்வர வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் ஆசை. இந்த ஆடிக்கு வர முடியுமா என்று பார். லீவு கிடைக்காவிட்டால் மனதை வருத்திக்கொள்ளாதே. சிவன்மலை முருகன் உங்களுக்குத் துணையிருப்பான். அங்கே கடலுக்குப் போனால் கரையிலேயே நில் கண்ணு, கால் நனைத்தால் போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா அப்புசாமி