சாய்த்து வைத்த தொட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஆறு மணி ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் இவருக்குச் சட்டை மாற்றவில்லை. காலையில் சிந்திய ராகிக் கஞ்சி காலரில் காய்ந்து ஒட்டியிருந்தது. வேலைக்கு வரும் லிங்கம்மாவைக் கேட்டால், "சார் பேட அந்த்ரு அக்கா" என்கிறாள். வேண்டாம் என்றாராம். அவளும்தான் எவ்வளவு செய்வாள்? ஆஸ்பத்திரி வார்டில் பதினான்கு பேருக்குச் செய்துவிட்டு வந்து, வீட்டில் பதினைந்தாவது ஆளுக்குச் சட்டை மாற்றினேன்.

துணி துவைக்கிற இடத்து ஜன்னலோரம் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பார்த்தேன். மூன்றாவது இலைக்கு அடியில் பச்சையாக ஒரு முனை. வேராகத்தான் இருக்கும். போன வருடமும் பூங்காம்பு என்று நினைத்து ஏமாந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேர் இல்லை. வேர் என்றால் முனை உருண்டையாகப் பளபளவென்று இருக்கும். இது சப்பையாக, நுனியில் ஒரு மடிப்போடு இருக்கிறது. பூங்காம்புதான். பூசை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

ஒன்பது வருடம். மடிக்கேரியில் செடி விற்கும் ஜோஷுவாவிடம் வாங்கியபோது கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு இலை. "சிஸ்டர், இது ஃபலனாப்சிஸ் ஜைகாண்டியா. போர்னியோ காட்டுச் சாதி. கடைல விக்கிற கலப்புச் செடின்னு நெனச்சு அவசரப்படாதீங்க" என்றார். இப்போது ஐந்து இலை, ஒவ்வொன்றும் முறம் மாதிரி தொங்குகிறது. மகள் நிம்மி பியூசி படிக்கும்போது வந்த செடி. அவள் படித்து முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. இது இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

இவரிடம் போய்ச் சொன்னேன். "ம்" என்றார். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் இந்த "ம்" தான். பேச்சு பாதி வந்திருக்கிறது. அந்தப் பாதியில் ஒரு வார்த்தை எனக்காகச் செலவழித்திருக்கலாம். எரிச்சலாக இருந்தது, எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அரை நாள் லீவு போட்டுத் தொட்டி மாற்றினேன். நவம்பரில் செய்திருக்க வேண்டியது. அப்போது இவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தேங்காய் மட்டைத் துண்டெல்லாம் மக்கிச் சேறாகிப் புளித்த வாடை அடித்தது. காம்பு வந்த பிறகு வேரைத் தொடக்கூடாது என்பார்கள். தொடாவிட்டால் வேர் அழுகிவிடும். எப்படியும் தப்புதான் என்றால், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிடச் செய்துவிடுவது மேல்.

லிங்கம்மா இலைகளைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டாள். நான் பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தேன். செத்த வேரை அழுத்தினால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வரும். அதையெல்லாம் நறுக்கினேன். நல்ல வேர் பதினொன்று தேறியது. தேக்குச் சட்டத்தில் செய்த பெரிய தொட்டி, அதில் அடுப்புக்கரியும் உடைந்த மங்களூர் ஓடும், மேலே கொஞ்சம் பாசி. ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்கம் செங்கல் துண்டை முட்டுக்கொடுத்து முன்னால் சாய்த்து வைத்தேன். இந்தச் சாதி மரத்தில் இலையைத் தொங்கப்போட்டு வளர்வது. நேராக வைத்தால் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி ஒரே வாரத்தில் அழுகிவிடும். சாய்ந்திருந்தால் வழிந்துவிடும்.

எங்கள் ஊர் ஹெப்பாளில் ஒரு ஃபாக்டரி டூல் ரூமில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு இந்தச் சாய்வு என்றைக்குமே ஆகாது. உடம்பு நன்றாக இருந்தபோது, "உன் செடி குடிச்சிட்டு நிக்குது ஜெசிந்தா" என்பார். இன்று நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.  அதற்குள் பிசியோதெரபி நிர்மலா வந்து தோளைப் பிடித்து நிமிர்த்த ஆரம்பித்துவிட்டாள். "நேரவாகி கூத்கொள்ளி சார். நேர." நேராக உட்காருங்கள், நேராக. ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். பாவம், இவர் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். இவரைக் கோயிலுக்கு அழைத்துப்போக முடியவில்லை. என் நெற்றிச் சாம்பலிலிருந்து விரலால் எடுத்து இவருக்கும் பூசிவிட்டேன். காம்பு நான்கு அங்குலம்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நர்ஸ்கள் ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார்கள். நாளையிலிருந்து ஒன்பது நாளைக்கு எனக்கு டபுள் டியூட்டி. முடியாது என்று சொல்லத்தான் மேட்ரன் அறைக்குப் போனேன். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிம்மி போன் செய்தாள். "அம்மா, இங்க ஒரு நல்ல கேர் ஹோம் இருக்கு. ஜூன்ல ஒரு மாசம் அப்பா இருக்கட்டும். நீ தூங்கும்மா, ப்ளீஸ்." யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இங்கேயாவது உண்மையை எழுதலாம்.

மார்ச் 15, சனி

கிளம்பும்போது சும்மா ஒரு பேச்சுக்கு, "நான் வர்ற வரைக்கும் என் செடியப் பாத்துக்குங்க" என்றேன். "ம்" என்றார்.

மார்ச் 19, புதன்

கால் வீங்கியிருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்று விடுப்பு. ஒன்பது நாள் கழித்து வெளிச்சத்தில் செடியைப் பார்க்கப் போனேன்.

தொட்டி நேராக நிற்கிறது. செங்கல் துண்டைக் கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறது. தொட்டியின் மேல் இவருடைய ரசமட்டம், அதில் குமிழி கச்சிதமாக நடுவில். குருத்துக் குழியில் தண்ணீர் நிற்கிறது. நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் காப்பி நிறக் கூழ். நாற்றம்.

யார் இதைத் தொட்டது என்று கத்தினேன். இவர் நாற்காலியில் இருந்தபடி இடது கையை உயர்த்தினார். முகத்தில் சிரிப்பு. "நேர்... பண்ணேன். தண்ணி... தெனம்."

அதற்கு நான் சொன்னதை எழுத வேண்டும். எழுதாவிட்டால், அப்படிச் சொல்லவேயில்லை என்று ஒரு நாள் நானே நம்பிவிடுவேன். "உங்களுக்கு இருக்கறது ஒரு கை. அத வெச்சுக்கிட்டு சும்மா கெடக்க முடியாதா? ஒம்பது வருஷம். எனக்குன்னு இந்த வீட்ல இருந்தது இது ஒண்ணுதான். அதயும் சாகடிச்சிட்டீங்க."

இவருக்குப் பாதி முகம்தானே அசையும், சிரிப்பு போகக்கூட நேரமாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பிளேடைச் சுட்டு, அழுகலை நல்ல சதை தெரிகிற வரைக்கும் வெட்டி எடுத்தேன். பூசணம் பிடிக்காமலிருக்க, கறிக்கு வாங்கிய பட்டைத் தூளை வெட்டின இடம் முழுக்க அப்பினேன். தொட்டியைப் பழையபடி சாய்த்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். ஜோஷுவாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "தலை போச்சு சிஸ்டர். இனி நடுவுல எலை வராது. அடியில குட்டி வந்தா உண்டு. காம்பு கீழ் எலைகிட்ட இருக்கறதால தப்பிக்கலாம். அழுகல் கீழ எறங்காமப் பாத்துக்குங்க."

லிங்கம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "சாரே நிந்த்கொண்டு மாடித்ரு அக்கா." சார் நின்றுகொண்டு செய்தாராம். நான் புரியாமல் பார்த்தேன். பிறகு முழுக்கச் சொன்னாள். வாக்கரை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, ஒற்றைக் கையால் தொட்டியை அணைத்து, இடுப்பால் இடித்து இடித்துச் செங்கல்லை நகர்த்தினாராம். அரை மணி நேரம் ஆயிற்றாம். அப்புறம் தினமும் எழுந்து நின்று ஒரு மக் தண்ணீர். இவளைப் பிடிக்கக்கூட விடவில்லை. "ஹேள்பேட அந்த்ரு." என்னிடம் சொல்லக்கூடாது என்றாராம்.

ஐந்து மாதமாக நிர்மலா கெஞ்சுகிறாள், இவர் ஒரு நிமிடம் தனியாக நின்றதில்லை. பாத்துக்குங்க என்று சொன்னது நான்தானே?

மார்ச் 29, சனி

இவர் பேசுவதில்லை. பயிற்சியும் செய்வதில்லை. நிர்மலா தோளைத் தொட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். வெட்டின இடம் காய்ந்திருக்கிறது. காம்பு அப்படியே இருக்கிறது, வளரவும் இல்லை, வாடவும் இல்லை.

நிம்மியிடம் அந்த கேர் ஹோமில் ஜூன் இரண்டாம் தேதிக்கு இடம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். இவரிடமும் சொன்னேன். "ம்."

ஏப்ரல் 6, ஞாயிறு

  லிங்கம்மா மட்டும் டிவியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாடு முடிந்து வந்து கஞ்சி ஊட்டினேன். நாலாவது வாயில் நிறுத்திவிட்டு, "செடி... செத்துச்சா?" என்றார். இருபத்தைந்து நாளில் இதுதான் முதல் வார்த்தை.

"சாகல. தலைதான் போச்சு. காம்பு இருக்கு. நேத்துலருந்து நீளுது."

"தலை போனா?"

"அடியில குட்டி வருமாம்."

மென்றுகொண்டே இருந்தார். கஞ்சியில் மெல்ல என்ன இருக்கிறது? நான் சொன்னேன்: "அன்னிக்கு நான் பேசினது தப்பு. பெரிய தப்பு." அடுத்த வாய் கஞ்சியை நீட்டினேன்.   வாங்கி விழுங்கிவிட்டு, "ஏன்... சாய்க்கணும்?" என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். நானும் ஒன்பது வருடத்தில் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிண்டலுக்குக் கிண்டல் பேசினேனே தவிர, காரணத்தைச் சொன்னதில்லை. காட்டு மரம், தொங்கும் இலை, தண்ணீர் தேங்குவது எல்லாம் சொன்னேன்.

"எவ்ளோ?"

"என்ன எவ்ளோ?"

"சாய்வு."

"கண்ணளவுதான்" என்றேன். முகத்தைச் சுளித்தார். ஃபிட்டருக்குக் கண்ணளவு என்பது கெட்ட வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன்.

மே 3, சனி

மொட்டு ஏழு. கோடை மழை பிடித்துக்கொண்டது, காற்றில் ஈரம் வந்திருக்கிறது. குட்டி ஒன்றையும் காணோம். அடியில் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

மே 9, வெள்ளி

இரண்டு மொட்டு மஞ்சளாகி விழுந்துவிட்டது. இரண்டையும் தூக்கிப் போட மனசில்லாமல் சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன். என்ன பைத்தியக்காரத்தனம்.

மே 16, வெள்ளி

நிர்மலா, சார் பென்சில் கேட்டார் என்றாள். வலது கை விரலுக்குள் செருகிவிடச் சொன்னாராம். பிடித்துப் பிடித்துக் கீழே போடுகிறாராம். நல்லதுதானே என்றேன். நிற்கத்தான் மாட்டேன் என்கிறார் என்றாள். எழுப்பினால் தலையை ஆட்டுகிறார். நான் இருக்கும்போது பென்சிலைக்கூட எடுப்பதில்லை.

மே 31, சனி

பெட்டி கட்டினேன். ஆறு சட்டை, நான்கு லுங்கி, மாத்திரை டப்பா, ஜெபமாலை. இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் தூங்கலாம். அதை நினைத்தால் தூக்கம் வர வேண்டும், வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும் முன் ஜன்னலோரம் போனேன். முதல் மொட்டு விரிந்திருந்தது.

சின்னப் பூ. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முறம் முறமாக இலை வைத்துக்கொண்டு ஒன்பது வருடத்துக்கு இதுதானா என்று முதலில் தோன்றியது. அப்புறம் பார்க்கப் பார்க்க விட மனசில்லை. பாலாடை நிறத்தில் செங்கல் நிறப் புள்ளிகள். காம்பு கீழ்நோக்கித் தொங்குவதால் குனிந்துதான் முகர வேண்டும். எலுமிச்சைத் தோல் கிள்ளின மாதிரி மெல்லிய வாசனை.

குனிந்தபோதுதான் தொட்டிக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுவரில் பென்சில் கோடு ஒன்று. நடுங்கி நடுங்கி, இரண்டு இடத்தில் விட்டுப்போய், தொட்டி விளிம்பு எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வில். கோட்டின் ஓரத்தில் 25 என்று எழுதியிருந்தது. ஸ்டாண்டின் மேல் டூல் ரூம் கோணமானி. அந்த உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டு கை எட்டாது. இவருடைய 2-க்கு வால் எப்போதும் உள்பக்கமாகச் சுழித்திருக்கும். சம்பளக் கவர் முதல் நிம்மியின் ஞானஸ்நான அட்டை வரைக்கும் அதே சுழிதான். இதுவும் சுழித்திருந்தது. வலது கை எழுத்து.

லிங்கம்மாவைப் பார்த்தேன். "நங்கே கொத்தில்ல அக்கா" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒன்றும் தெரியாதாம்.

இவரிடம் போய் நின்றேன்.  இவரே சொன்னார்.

"நாளைக்கு... நான் இருக்க மாட்டேன்ல. யாராவது... நேர் பண்ணிடுவாங்க."

உட்கார்ந்து அழுதேன். பூசைக்கு முதல் மணி அடித்தது, இரண்டாவது மணியும் அடித்தது. இவர் இடது கையை என் தலைமேல் வைத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "பூ... காட்டு" என்றார். வாக்கரை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நிம்மிக்குப் போன் போட்டு, நாளைக்கு அப்பாவை அழைத்துப்போக வர வேண்டாம் என்றேன். "அப்புறம் நீ எப்பம்மா தூங்குவே?" என்று கத்தினாள். அவள் கேட்பது நியாயம்தான். 

பெட்டியைத் திறந்து சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். நாலு சட்டைக்கு இஸ்திரி கலைந்துவிட்டது. நாளைக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட்.