உங்கள் பெயரில் நட்ட கன்றுகள்

அண்ணை,

குறிப்பு எடுக்காமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்புகள்.

1. கொடியில் காயும் என் காற்சட்டையிலிருந்து இன்னும் போகாத மணம் பற்றி.
2. உங்கள் பெயரில் நடக்கும் கன்று நடுகைக்கு நான் எப்படி ஓம் சொன்னேன் என்பது பற்றி.
3. சனிக்கிழமை சேற்றில் நடந்தது பற்றி.
4. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது பற்றி.
5. உங்கள் சப்பாத்துகள் தொலைந்துபோனதை உங்கள் வீட்டில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பது பற்றி.

"நீர் செத்தாலும் ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போட்டுத்தான் சாவீர் ஐசே" என்று ஒருமுறை சொன்னீர்கள். நீங்கள் நம்பர் ஒன்றும் போடாமலே போய்விட்டீர்கள்.

காற்சட்டையை இரண்டுதரம் தோய்த்தாயிற்று. மணம் போகவில்லை. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த, களப்போரக் கண்டல் மரச் சேற்றின் மணம். மனைவி அதைக் குசினி யன்னலுக்கு நேரே போடவேண்டாம் என்கிறாள். எனக்கு அது உங்கள் வெளிக்களப் பையைத் திறந்தால் வரும் மணம். பல்கலைக்கழக வளாகத்தில் நம் இருவருக்கும் ஒரே அறை. நீங்கள் குறிஞ்சாக்கேணிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்த நாட்களில் அந்தப் பை என் மேசைக்குக் கீழேதான் கிடக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அறிவித்தல் தட்டச்சு செய்வேன்.

அதுதான் அப்போது என் வேலை. மண் இரசாயனம் படிப்பித்தது போக, சூழலியல் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புகளைப் பலகையில் ஒட்டுவது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி, பறவைக் கணக்கெடுப்பு, ஈரநில நாளுக்குச் சுவரொட்டிப் போட்டி, கடற்கரைத் துப்புரவு. திகதி, இடம், தகைமை, விண்ணப்பிக்கும் முறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். நான் ஒட்டிவிட்டு வந்ததும் நீங்கள் போய் ஓரத்தில் பென்சிலால் எழுதுவீர்கள். "இங்கே போனால் தேத்தண்ணி மட்டும் கிடைக்கும்." "இங்கே வேலை பழகலாம், ஆனால் மேலாளர் கத்துவார்." "சான்றிதழ் அழகு, வேறொன்றுமில்லை." பிள்ளைகள் நான் தட்டச்சு செய்ததை வாசிப்பதில்லை, உங்கள் பென்சிலைத்தான் வாசிப்பார்கள். அலுவலக அறிவித்தலில் கிறுக்கக்கூடாது என்று நான் பின்னேரம் போய் அழிறப்பரால் அழிப்பேன். மறுநாள் காலையில் அது திரும்பவும் அங்கே இருக்கும்.

"பிள்ளையள் பயந்து போகாமல் விட்டுவிடுவினம் அண்ணை" என்று நான் சொன்னதற்கு, "போறவன் தெரிஞ்சுகொண்டு போகட்டும் ஐசே" என்றீர்கள்.

இப்போது பலகை இல்லை. எல்லாம் கைத்தொலைபேசியில் வருகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் மாணவர் சங்கம் என்னையும் ஒரு குழுவில் சேர்த்து வைத்திருக்கிறது. இணையவழிக் கருத்தரங்கு, சான்றிதழ் வகுப்பு, புகைப்படப் போட்டி என்று நாள் முழுக்க வந்து விழுகின்றன. ஓரம் என்று ஒன்று இல்லை, பென்சிலால் எழுத.

இரண்டாவது குறிப்பு.

நீங்கள் போன அடுத்த வருடம் ஒரு நிறுவனம் வந்தது. கடைசி வருடப் பிள்ளைகள் ஆறு பேருக்குத் தன் சூழல் பிரிவில் பயிற்சி தருவதாகச் சொன்னது. வருடத்துக்கு ஒருமுறை வளாகத்தோடு சேர்ந்து கண்டல் நடவேண்டும், படம் எடுக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டது. அந்த நாளுக்கு யாருடைய பெயரையாவது வைத்தால் நல்லது என்றார்களாம். யாரோ உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பதாகையைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். நடும் இடம் எது தெரியுமா? குறிஞ்சாக்கேணிக்கு அங்கால், களப்பு ஓரத்தில் நீங்கள் ஒரு கன்றுகூட நடவிடாத அதே சேற்று வெளி.

ஒரு பொடியன் அங்கே நின்று, "சேர், இவ்வளவு இடம் வெறுமையாக் கிடக்கு, கண்டல் வைச்சால் என்ன?" என்று கேட்ட நாள் நினைவிருக்கிறது. நீங்கள் தொலைநோக்கியை இறக்காமலே, "அது ஏன் இஞ்சை இல்லை எண்டு முதல் கேளும்" என்றீர்கள். அந்த இடம் பள்ளம், நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கும், கன்று மூச்சடைத்துச் சாகும் என்று பிறகுதான் விளக்கினீர்கள். "வெறுமை எண்டு ஆர் சொன்னது? உள்ளான் குருவிக்கு இது சாப்பாட்டு மேசை. உம்முடைய மேசையிலை நான் மரம் நட்டால் விடுவீரோ?"

இந்த வருடம் துறைத்தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். உங்களிடமும் என்னிடமும் படித்தவர்தான், நல்ல பிள்ளை.

"சேர், நீங்கள் பிரதம விருந்தினராய் வந்தால் காணும். ஒரு கன்று, ரெண்டு வார்த்தை. மிச்சத்தைப் பிள்ளையள் பாப்பினம்."

"அதே இடத்திலையோ?"

"ஓம் சேர். அதே இடமெண்டால் பனரையும் மாத்தத் தேவையில்லை. வருசத்துக்கு மேலை ஒரு ஸ்ரிக்கர் ஒட்டினாச் சரி." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த முறை பிள்ளையளுக்கு வேறை ரெயினிங் ஒண்டும் சரிவரேல்லை சேர். இந்த ஆறுதான்" என்றார்.

நான் ஓம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகும் ஓம் என்று ஒருமுறை சொன்னதாக மனைவி சொல்கிறாள். "ஏலாது எண்ட சொல்லை உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேல்லையோ?" என்று கேட்டாள். படிப்பித்தார்கள். எனக்குத்தான் உச்சரிக்க வரவில்லை.

எந்தப் பக்கம் யோசித்தாலும் கதவு பூட்டித்தான் இருந்தது. அந்தக் கன்றுகள் சாகும் என்று நான் மேடையில் சொன்னால் நிறுவனம் முகம் சுளித்துப் போய்விடும், ஆறு பிள்ளைகளுக்கு இடம் போகும். சொல்லாவிட்டால் வருடாவருடம் உங்கள் பெயரில் செத்த கன்றுகள் நிற்கும். நாட்களாக இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதிய பேச்சில் சேறு என்ற சொல்லே இல்லை.

மூன்றாவது.

சனிக்கிழமை நான் உங்கள் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு போனேன். உங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அக்கா தந்த, முழங்கால்வரை வரும் கறுப்பு ரப்பர் சப்பாத்துகள். "அவரின்ரை கால் பெரிசு. உமக்கெண்டால் உள்ளுக்குத் துணி வைக்கவேணும்" என்று சொல்லித்தான் தந்தா. துணி வைத்தும் தளர்வாகவே இருந்தன. உங்களுடையதைப் போட்டால் ஏதாவது தைரியம் வரும் என்று நினைத்தேன் போலும்.

கூடாரம், பிளாஸ்டிக் கதிரைகள், பொன்னாடை. பதாகையில் நீங்கள் சிரிக்கிறீர்கள். கழுத்தில் தொலைநோக்கி வார் தெரிகிறது. அறிவிப்பாளர் உங்கள் "பசுமைக் கனவு" என்று சொன்னார். உங்களுக்கு அப்படி ஒரு கனவு இருந்ததாக எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தபடி ஒரு குட்டித் தூக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு என்னைச் சேற்றில் இறக்கினார்கள். கையில் பச்சை மெழுகுதிரி போல நீண்ட ஒரு முளை. நான் குனிந்து குத்தினேன். "சேர், இங்காலை பாருங்கோ. இன்னொருக்கா. கொஞ்சம் சிரிச்சு" என்றார் படம் எடுப்பவர். சிரித்தபடி கீழே பார்த்தேன். என் கையருகில் போன வருடத்துக் கன்று நின்றது. ஊன்றுதடியில் கட்டியபடி, கறுத்து, இலையில்லாமல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக.

யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதுதான் பிழை. "சேத்திலை நிண்டு யோசிக்கக்கூடாது ஐசே. யோசிக்கிறதெண்டால் கரையிலை நிண்டு யோசியும்" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். நினைவு வந்தபோது சேறு சப்பாத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. வலது காலை இழுத்தால் இடது கால் இன்னும் இறங்குகிறது. கரையில் எல்லாரும் நான் இன்னொரு படத்துக்கு நிற்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மாணவர் சங்கச் செயலாளர் தர்சிகாதான் கண்டுபிடித்தாள். சாம்பல்தீவுப் பிள்ளை, மெலிந்த உருவம், உரத்த குரல். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"சேர், ஆடாதேங்கோ. சப்பாத்தை விட்டிட்டுக் காலை மட்டும் எடுங்கோ."

"இது என்ரை இல்லைப் பிள்ளை."

"சப்பாத்து ஆற்றையெண்டாலும் கால் உங்கடைதானே சேர்."

விட்டுவிட்டு வந்தேன். வெறுங்காலோடு, முழங்கால்வரை சேற்றோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, எழுதிக்கொண்டு போன பேச்சை ஒரு சொல் மாறாமல் வாசித்தேன். பதாகை எனக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது குறிப்பு. அண்ணை, நான் பேசாமல் இருந்ததைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் பக்கம் நின்று பாருங்கள். அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற மனத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மனத்தோடு பயிற்சிக்குப் போகட்டும். உண்மை தெரிந்தால்

இந்த இடத்தில் எழுந்து போகவேண்டியதாயிற்று. வாசல் படலையில் ஆள். இப்போது திரும்பி வந்து, தேத்தண்ணி ஆறிப்போய், மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்தது தர்சிகா. பாலையூற்றில் என் வீட்டை விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு உரப்பை. உள்ளே உங்கள் சப்பாத்துகள், கழுவித் துடைத்து.

"மம்பெட்டியாலை கிண்டித்தான் எடுத்தனாங்கள் சேர். ஒண்டு சுகமா வந்திட்டுது. மற்றது விடமாட்டன் எண்டிட்டுது."

ஆகவே ஐந்தாவது குறிப்புக்கு இனித் தேவையில்லை.

கதிரையில் இருந்தாள். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளை கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "சேர், ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டீங்களே?" என்றாள்.

"கேள் பிள்ளை."

"அந்தக் கன்று எல்லாம் சாகும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"உங்களுக்கு... தெரியுமோ?" என்று திருப்பிக் கேட்டேன்.

"போன வருசம் நட்டது நாங்கள்தானே சேர். பாக்காமல் விடுவமோ? லீவுக்கை ரெண்டு தரம் போய்ப் பாத்தனாங்கள். முழுக்கச் செத்துப்போச்சு. ஏன் எண்டும் தேடி வாசிச்சனாங்கள்."

"பிறகு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? ரெயினிங்குக்காகவோ?"

"அதுவும்தான். ஆனால்..." தலையைக் குனிந்தாள். "பெரிய சேரின்ரை பேர் போட்டிருக்கு. நீங்களும் இந்த வயசிலை வந்து குனிஞ்சு நடுறீங்கள். இது பிழை எண்டு சொன்னால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு விட்டனாங்கள்."

அண்ணை, நான் அவர்களுக்காக வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் எனக்காக மூடிக்கொண்டார்கள். நடுவில் கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன.

நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அங்கே நீங்கள் ஒரு கன்றும் நடவிடவில்லை என்பதையும், உள்ளானின் சாப்பாட்டு மேசையையும். பிள்ளை கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப அவரின்ரை பேரைப் போட்டு எங்களைக் கொண்டே நடுவிச்சு..." என்று தொடங்கிச் சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் அந்த நிறுவனத்தின் மேலாளரிடம் போகிறார்கள். இனி நடுவதில்லை, அங்காலே தூர்ந்துபோன வாய்க்காலை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடும், கண்டல் வரவேண்டிய இடத்தில் தானே வரும் என்று சொல்லப்போகிறார்கள். "வாய்க்கால் வெட்டுறதையும் படம் எடுக்கலாம் எண்டு சொல்லுவம் சேர். அவைக்கு அதுதானே வேணும்."

"அவை விரும்பாட்டில் இடம் போகுமே பிள்ளை. உன்ரை பேரும் அந்த ஆறுக்குள்ளையோ?"

"முதல் பேர் சேர்."

"பயமில்லையோ?"

"பயம்தான். அதுதான் உங்களைக் கேக்க வந்தனான். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பக்கத்துக் கதிரையிலை இருந்தால் காணும்."

நான் ஓம் என்றேன். அதே பயத்தோடுதான், தொலைபேசியில் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். குசினிக்குள்ளிருந்து மனைவி, "பாத்தியே பிள்ளை, இவருக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாது. மேலாளர் ஏலாது என்று சொல்லலாம். அந்தப் பிள்ளையின் இடம் போனால் நான் எப்படி நித்திரை கொள்வேன் என்றும் தெரியாது. கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. உள்ளே நான் மட்டும் இல்லை என்பதுதான் புதிது. உங்கள் சப்பாத்துகள் கிணற்றடியில் இரண்டு தடிகளில் தலைகீழாகக் காய்கின்றன. அவற்றைப் போடமாட்டேன். என் செருப்போடு போவேன்.

போறவன் தெரிஞ்சுகொண்டு போகட்டும் என்று நீங்கள் சொன்னதைப் பகிடி என்றுதான் இத்தனை காலமும் வைத்திருந்தேன்.

நான்காவது குறிப்பை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை. பென்சில் எடுத்து அதன் ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருக்கிறேன், நீங்கள் எழுதுவதுபோலக் கொஞ்சம் சாய்வாக: பிழை. பின்னேரம் வந்து அழிக்கமாட்டேன்.