கல்வத்தில் வைத்த பொட்டு

மிஸ்,

இன்று காலை முத்துமாரியம்மன் கோயிலில் ஐயர் நீட்டிய குங்குமத்தை எடுக்கக் கை வரவில்லை. "எடுங்கண்ணே, பின்னுக்கு ஆள் நிக்குது" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று நேற்றுத்தான் கண்டியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

மாத்தளைக்கு வந்த முதல் பெண் இரசாயன ஆய்வாளர் நீங்கள். கடைகளில் எடுத்த மல்லி, மிளகு, மஞ்சளைச் சோதிக்கும் இரண்டு அறைகள்தான் நம் ஆய்வுகூடம். நான் சாமான் கழுவி, இடித்துத் தருகிறவன். வயதில் மூத்தவன் என்பதால் "அண்ணே" என்பீர்கள். "ஒண்ணும் போடாம ஒருதரம் சோதிச்சுப் பாருங்கண்ணே. நம்ம கிளாசே பொய் சொல்லும்" என்பீர்கள். வெறும் கிளாசுக்கு இத்தனை பாடா என்று முணுமுணுத்துக்கொண்டே செய்வேன்.

ஓர் ஆயுதபூசை அன்று, "கும்பிடுங்க, வேணாங்கல. சாமானுக்குப் பொட்டு மட்டும் வைக்காதீங்க" என்றீர்கள். தராசை விட்டேன், குப்பிகளை விட்டேன். மஞ்சள் இடிக்கும் பீங்கான் கல்வத்தை விட மட்டும் மனம் வரவில்லை. சோறு போடும் சாமானுக்குப் பொட்டில்லாமல் என்ன பூசை? உங்கள் கண்ணில் படாதபடி உள்ளே, அடியில் குங்குமம் வைத்தேன். மறுநாள் துணியால் துடைத்தும் விட்டேன். பெரிய கெட்டிக்காரன்!

அந்த வாரம்தான் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மஞ்சள் சோதனைக்கு வந்தது. நான் இடித்தேன், நீங்கள் சோதித்தீர்கள். ஈயம் இருந்தது. வழக்குப் போட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கடை வாசலில் நின்று "நஞ்சு விக்கிறவன்" என்று ஏசினார்கள். வாப்பா காலத்துக் கடையில் நானா ஈ ஓட்டினார்.

ஒருநாள் கூடத்துக்கே வந்துவிட்டார். "மிஸ், என்ட புள்ளைகளுக்கும் இந்த மஞ்சள்லதான் கறி ஆக்குறோம். நான் நஞ்சு கலப்பேனா?" என்று கேட்டார். அவர் போனதும் என்னைப் பக்கத்தூர் அலுவிகாரைக்கு அனுப்பி, ஒரு வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் பிடுங்கி வரச் சொன்னீர்கள். அவித்துக் காயவைத்து, அதே கல்வத்தில் இடித்துத் தந்தேன். அதிலும் ஈயம்!

கல்வத்தின் அடியில் இருந்த கீறலைக் குண்டூசியால் சுரண்டினீர்கள். சிவப்பாக ஒரு துகள் வந்தது. அதைச் சோதித்தீர்கள். அத்தனையும் ஈயம். கடைக் குங்குமத்தில் ஈயச் செந்தூரம் கலப்பார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"அண்ணே, இது என்னன்னு தெரியுமா?"

"தெரியலையே மிஸ்."

சொன்னேனே, பாவி! வேலை போய்விடும் என்ற பயம். வீட்டில் ஐந்து வயிறு.

நீதிமன்றத்தில் நீங்கள் எழுந்து நின்று, "என் அறிக்கை பிழை. இடித்த கல்வம் சுத்தமில்லை. பொறுப்பு என்னுடையது" என்றீர்கள். கடைசி வரிசை வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள ஒருத்திக்கு எங்கிருந்து இத்தனை தைரியம் வந்தது? நானா தப்பினார். உங்களுக்குக் கண்டிக்கு மாற்றல் வந்தது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஊரே பேசியது.

ஸ்டேஷனில் உங்கள் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். "அது குங்குமம்னு எனக்கு அப்பவே தெரியும்ணே" என்றீர்கள்.

"ஏன் மிஸ் சொல்லல?"

"பிழை எங்க நடந்துச்சுன்னு நான் சொல்லிட்டேன். யார் வச்சதுன்னு நீங்கதானே சொல்லணும்."

நான் சொல்லவில்லை மிஸ். இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

இன்று கோயிலிலிருந்து நேரே நானா கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தார்.

"அல்லாஹ்வே! ஏவாரம் படுத்த நாள்லேருந்து அந்தப் புள்ளையத்தானே ஏசிட்டிருந்தேன்! இப்ப எங்க இருக்காங்க? வாங்க, போய் மன்னிப்புக் கேக்கணும்" என்று அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்ற மற்ற உண்மையையும் நான் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டைக்குள் ஒரு கை மட்டும் நுழைந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் உங்களை ஏசிய ஏச்செல்லாம் எனக்குரியது மிஸ். அதை இனி நான்தான் சுமப்பேன்.