சிவப்புப் போர்டில் மதினி கடை

மதினி,

வெயில் ஏறியதும் புதுப் போர்டிலிருந்து ஃபிளெக்ஸ் வாசனை கிளம்பிக் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு இது ஆகாது, மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். எனக்கோ பத்து நாளாக இதை மோந்துகொண்டே நிற்கத் தோன்றுகிறது. நம் கடைக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டேன். உங்களிடம் பெருமையடிக்காமல் வேறு யாரிடம் அடிப்பேன்?

இத்தனை வருஷமும் தலைக்கு மேலே தொங்கியது சோடாக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த சிவப்புப் போர்டுதானே. முக்கால்வாசி அவன் பாட்டில் படம். கீழே பொடி எழுத்தில் அண்ணன் பெயரும் 'ஸ்டோர்' என்ற சொல்லும். அண்ணன் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தென்னந்தோப்பே சரியாக இருந்தது. விடியுமுன் ஷட்டரைத் தூக்கியது நீங்கள். கூடலூரிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் அது மதினி கடை. குமுளி டிரைவர் ஒருவர் அதுதான் உங்கள் பெயரென்று நினைத்து 'மதினிச்சேச்சி' என்று கூப்பிட, நாம் வயிறு வலிக்கச் சிரித்தோமே!

புருஷன் வீடு வேண்டாமென்று நான் ஒற்றைப் பையோடு வந்து நின்ற அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "வந்தது வந்துட்ட, அந்தப் பன்னு ரொட்டியெல்லாம் பொட்டலம் போடு, ஜீப்பு வந்துரும்" என்றீர்கள். நாத்தனாரை அப்படி வரவேற்ற மதினி இந்த ஊரில் உண்டா? யாருக்கு வெற்றிலை, யாருக்கு மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஜீப் முழுசாக நிற்பதற்குள் பொட்டலம் அவரவர் மடியில் விழும். முதல் நாள் நான் எறிந்தது சாக்கடையில் விழுந்ததை ஒரு வாரம் சொல்லிக் காட்டினீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியபின் கடை பூட்டிக் கிடந்த நாட்களில் ஜீப்புகள் அடுத்த முக்கில் நிற்கப் பழகிவிட்டன. அண்ணன் செல்போன் கடைக்காரர் ஒருவரிடம் வாடகைக்குப் பேசிவிட்டார். "ஒத்தப் பொம்பள நீ, எதுக்கு ஆத்தா இருட்டோட எந்திரிச்சுச் சாகணும்? வீட்ல சோறா இல்ல?" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு மாசம் குடுங்கண்ணே. ஜீப்பு நிக்கலேன்னா நானே சாவியத் தாரேன்" என்றேன்.

தேனிக்குப் பஸ் ஏறி, போர்டு டிசைன் செய்யும் தம்பியைப் பிடித்தேன். இளம்பச்சையில் வளைந்து வளைந்து 'மதினி கடை' என்று போட்டுத் தந்தான். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, நானும் மயங்கிவிட்டேன். மாட்டிய மறுநாள் பொட்டலத்தோடு வாசலில் நின்றேன். ஒரு ஜீப் வந்தது, போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கென்ன.

அடுத்த நாள் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றேன். பிரேக் அடித்த டிரைவர், "சாகவா வந்தீக?" என்று கத்தினார். பின்னாலிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏ, மதினியோட நாத்தனால்ல! செவப்புப் போர்டக் காணோம், மதினியும் போய்ட்டாக, கடையும் கைமாறிப் போச்சுன்னுல்ல நெனச்சோம். நாங்க என்னத்த எழுத்தக் கண்டோம்? வளைவுல திரும்பையில செவப்புத் தெரிஞ்சா எறங்குவோம்" என்றார். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் அவர்களோடு பழகியவள் யோசிக்க வேண்டாமா?

அன்றைக்கே மறுபடி தேனி. "செவப்பாப் போடு தம்பி, கண்ணக் குத்துற செவப்பு."

"சோடாக் கடை மாதிரி இருக்கும்க்கா. டிசைனே கெட்டுரும்."

"கெடட்டும்" என்றேன்.

சிவப்பில் வெள்ளையாக, பெரிசாக, உங்கள் கடைப் பெயர் ஏறியது. அண்ணன் வந்து அண்ணாந்து பார்த்தார். "எம்பேரு எங்க?" என்றார். "நீங்க என்னைக்குண்ணே பொட்டலம் போட்டீக?" என்றேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "லைட்டு ரெண்டு சேத்துப் போடணும், வளைவுலயே தெரியட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே ஏறினார். செல்போன் கடைக்காரரிடம் இடம் இல்லையென்று சொன்னதும் அவர்தான். இப்போது ஜீப்புகள் நிற்கின்றன, மதினி, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன! எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று ஒரு ஜீப்பில் புதுப்பெண் ஒருத்தி. தோட்ட வேலைக்கு முதல் நாளாம், உங்களைப் பார்த்ததே கிடையாது. "மதினி, மழைத்தாளு ஒண்ணு" என்று கை நீட்டினாள். நான் பிறந்த வீட்டில் கடைக்குட்டி, போன வீட்டிலும் கடைசி மருமகள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிக் கடைக்குள் பார்த்தேன்.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். "என்னம்மா?" என்றேன்.