பத்தாவது கை

என்னங்க,

சோறு அடுப்பங்கரையில் மூடியிருக்கிறது. கடைச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால். நான் புது பிளேக் ஊசியைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். "வேற எவளாவது முதல்ல கையை நீட்டட்டும்" என்று நேற்றுக் கத்தினீர்களே, அந்த எவளோ நான்தான்!

ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதோடு சண்டை போட்டு உடம்பு பழகிக்கொண்டால், நிஜக் கிருமியையும் விரட்டிவிடுமாம். பலிக்கிறதா என்று பார்க்க டாக்டருக்குப் பத்துப் பேர் வேண்டும். "கடைக்காரம்மா போட்டா நாங்களும் போடுறோம்" என்று பெரியாயியையும் சேர்த்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பரிமளம்

பி.கு.: பத்தாவது இடத்தை உங்களுக்காக விட்டுவைக்கச் சொல்கிறேன். ஊசி போட்ட கை ஒரு நாள் வீங்கும். எனக்கு இடது கை, உங்களுக்கு வலது கை. நாளைக்கு இருவருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கை மிஞ்சும். தோசை சுட அது போதும்.